கூட்டம் போட்டா யாரும் வர்றதில்ல: குடியிருப்புச் சங்கத்தை எப்படி நடத்துறது?

எட்டுமாடி:

எல்லாருக்கும் வணக்கம். சென்னைக்குத் தெற்கே, ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் ரோடு) பக்கம், குடிசைங்கள எடுத்துட்டு அரசு வீடு குடுத்த ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்புல இருக்கேன். எந்த இடம், எந்த பிளாக்னு போடல. போட்டா நாளைக்கே வந்து "நீதானே எழுதினே"ன்னு நிப்பாங்க.

தரைத்தளம் சேர்த்து எட்டு மாடி. ஒரு நாள் அதிகாரிங்க வந்து கூட்டம் போட்டு எங்க பிளாக்குக்கு சங்கம் ஆரம்பிச்சாங்க. நான் பன்னெண்டாவது முடிச்சவ, கையெழுத்தும் நல்லா இருக்குன்னு என்னைச் செயலாளர் ஆக்கிட்டாங்க. "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" திட்டத்துல நாங்க கட்டுற பராமரிப்புப் பணத்துக்குச் சமமா அரசும் போடும். நல்ல திட்டம், குறை சொல்லல. ஆனா நாங்க கட்டினாதானே அவங்க போடுவாங்க? பாதி வீடு கட்டுறதில்ல. லிஃப்ட் நின்னா மட்டும் எல்லாரும் என் கதவைத் தட்டுவாங்க.

பயிற்சிக்கும் குறையில்ல. தையல், அழகுக்கலை, ஃபினாயில் தயாரிப்பு, அப்புறம் "தலைமைப் பண்பு"ன்னு ஒண்ணு. சர்டிபிகேட் எல்லாம் பீரோவுல துணிக்கு அடியில கிடக்கு. வர்றவங்க எல்லாரும் கடைசியில ஒரே வார்த்தைதான் சொல்லிட்டுப் போறாங்க: "உங்க மக்களுக்கு விழிப்புணர்வு பத்தல."

மத்த ஊர்ல எல்லாம் இதை எப்படிப் பண்றீங்க? நெஜமா தெரிஞ்சவங்க சொல்லுங்க. அட்வைஸ் நிறைய கேட்டாச்சு.

ஓய்வு ஏ.இ.:

முப்பது வருஷம் அரசுக் கட்டட வேலையில் இருந்து உதவிப் பொறியாளராக (ஏ.இ.) ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். வீடு கொடுத்த மறுநாளே குழாய்த் திருகைக் கழற்றி விற்பவனை நான் பார்த்திருக்கிறேன். லிஃப்ட்டுக்குள் குப்பை, சம்ப் மூடியைக் காணோம், மாடிப்படி பல்பு ஒரு வாரம் தாங்காது. இதற்கு எந்தப் பயிற்சி கொடுப்பது? குடிசையிலிருந்து நேராக எட்டு மாடிக்கு வந்தால் அடுக்குமாடியில் வாழும் பழக்கம் வர ஒரு தலைமுறை ஆகும்.

சிந்தாதிரி:

ஏ.இ. சார், பழக்கத்தைப் பத்தி நீங்களே பேச்சை எடுத்ததால கேக்குறேன். ஓ.எம்.ஆர்.லயே கோடி ரூபா அபார்ட்மெண்ட் இருக்கே, அங்க பொதுக்குழுவுக்கு கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆளு, சேருதா? சேராது. சேராததாலதான் மேனேஜர் ஒருத்தருக்குச் சம்பளம் குடுத்து வச்சிருக்காங்க. அவங்களை யாராவது விழிப்புணர்வு இல்லாதவங்கன்னு சொல்லிப் பாருங்க!

நாங்க கூவம் கரையில இருந்து வந்தவங்க. அங்க எங்க தெருவுல ஆடி மாசம் கூழ் ஊத்தினா வசூல், சமையல், மைக் செட்டு, போலீஸ் பர்மிஷன், கணக்கு எல்லாமே நாங்கதான். சாவு விழுந்தா பாடை கட்டுறதுல இருந்து பதினாறாம் நாள் வரைக்கும் ஒரு ஃபண்டு ஓடும். ஏலச்சீட்டு புடிச்ச அம்மாவுக்கு எழுத்து தெரியாது, ஆனா அவங்க கணக்கு ஒரு ரூபா தப்பினதில்ல. இதெல்லாம் திறமை இல்லன்னா வேற எதுதான் திறமை?

இங்க வரும்போது வீடு குலுக்கல். பக்கத்து வீட்டுக்காரி ஒரு பிளாக், சீட்டு அம்மா வேற பிளாக், என் மச்சான் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி. யாரு பணம் திருப்பிக் குடுப்பா, யாரு ஏமாத்துவான்னு இருபது வருஷமாப் பாத்துத் தெரிஞ்சு வச்சிருந்தோம். அத்தனையும் ஒரே நாள்ல போச்சு. எதிர்வீட்டுக்காரன் பேரே தெரியாதப்ப அவன் கையில எப்படிம்மா மாசப் பணத்தைக் குடுப்பேன்?

இன்னொண்ணு. எட்டுமாடி தங்கச்சி, உங்க சங்கக் கூட்டம் எத்தனை மணிக்கு?

எட்டுமாடி:

புதன்கிழமை காலைல பதினோரு மணி அண்ணே. அதிகாரிங்க வர்ற நேரம் அதுதான்.

சிந்தாதிரி:

அவ்வளவுதான், முடிஞ்சது. காலைல ஆறு மணிக்கே நம்ம பொம்பளைங்க ஷேர் ஆட்டோ ஏறி ஐ.டி. கம்பெனி ஹவுஸ்கீப்பிங்குக்குப் போயிடுறாங்க. பழைய ஏரியாவுல வீட்டு வேலை பாத்தவங்க இன்னும் பஸ்ஸு மாத்தி அங்கயேதான் போறாங்க. பதினோரு மணிக்கு வீட்டுல இருக்கறது யாரு? வயசானவங்க, நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்குறவங்க, சும்மா சுத்துற நாலு பேரு. அந்த நாலு பேரைப் பாத்துட்டுத்தான் "மக்கள் ஒத்துழைப்பு இல்ல"ன்னு ரிப்போர்ட் எழுதுறாங்க.

பைகுல்லா தமிழன்:

மும்பைல இருந்து எழுதறேன். ஜோக்கின் அற்புதம் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. கோலார் தங்கவயல்ல பொறந்த தமிழர், சின்ன வயசுல பம்பாய்க்கு வந்து மான்கூர்ல ஜனதா காலனில இருந்தார். காலனில குப்பை அள்ள மாநகராட்சி வரல. இவர் பசங்களைத் திரட்டி, அந்தக் குப்பையைத் தூக்கிட்டுப் போய் மாநகராட்சி ஆபீஸ் முன்னாடியே கொட்ட வச்சார். காலனியை அவசரநிலைக் காலத்துல, 1976ல, இடிச்சுட்டாங்க. ஆனா அவர் விடல. தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பை வளர்த்தார். 2000ல மகசேசே விருது, 2018ல இறந்துட்டார்.

உங்க கேள்விக்கு நேரா வர்றது இங்க பைகுல்லா பகுதியில நடைபாதையிலேயே குடியிருந்த பொம்பளைங்க கதை. ஸ்பார்க்குனு ஒரு அமைப்பு 1984ல தொடங்குச்சு, அந்தப் பெண்கள் 1986ல மகிளா மிலன்னு தங்களுக்கே ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. அதுக்கும் முன்னாடி, முதல்ல பண்ணினது கணக்கெடுப்பு. அரசாங்கம் நடைபாதையில இருக்கறவங்களை எண்ணவே மாட்டேங்குது, சரி, நாமே எண்ணுவோம்னு 1985ல ஆயிரக்கணக்கான குடும்பங்களை எண்ணினாங்க. யார் எந்த ஊர், என்ன வேலை, எத்தனை வருஷமா இருக்காங்கன்னு எல்லாம் எழுதினாங்க. "இவங்க எல்லாம் பிச்சைக்காரங்க, நேத்து வந்தவங்க"ன்னு அதுக்கப்புறம் யாரும் வாய்க்கு வந்தபடி பேச முடியல.

ரெண்டாவது தினசரிச் சேமிப்பு. அஞ்சோ பத்தோ, ஒரு பொம்பளை தினமும் வீடு வீடாப் போய் வாங்குவா. பணத்தைவிட இந்தப் போய்ப் பாக்கறதுலதான் விஷயம் இருக்கு. யார் வீட்டுல அடுப்பு எரியல, யார் புருஷன் அடிச்சான், யார் வாடகை பாக்கின்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் பேங்க்குக்கு, போலீஸ் ஸ்டேஷனுக்கு எல்லாம் கூட்டமாப் போகப் பழகினாங்க. தங்களுக்கு எப்படி வீடு வேணும்னு துணியும் கட்டையும் வச்சு நிஜ அளவுல மாதிரி வீடு கட்டி, அதிகாரிங்களைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. இதுக்கெல்லாம் யாரும் அவங்களுக்குத் தலைமைப் பண்பு வகுப்பு எடுக்கல.

வரைபடக்காரன்:

நகரத் திட்டமிடல் படித்தவன் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1969ல் ஒரு கட்டுரை எழுதினார். மக்கள் பங்கேற்புக்கு எட்டுப் படி உண்டு. கீழ்ப்படியில் மக்களை வைத்து நாடகம் நடக்கும், நடுவில் தகவல் சொல்வார்கள், கருத்துக் கேட்பார்கள், மேலே போகப் போகத்தான் அதிகாரம் கை மாறும் என்றார். எட்டுமாடி சொல்வது தகவல் சொல்லும் படி. "பராமரிப்புப் பணம் இவ்வளவு, இந்தத் தேதிக்குள் கட்டுங்கள்" என்பதில் மக்கள் முடிவு செய்ய என்ன இருக்கிறது?

இதற்கு நேர் எதிர் உதாரணம் பாகிஸ்தானின் கராச்சியில் உள்ள ஓரங்கி என்ற ஏழைகள் குடியிருப்பு. சமூகப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் 1980ல் அங்கே போனார். உடனே எதையும் தொடங்கவில்லை, மக்களோடு பேசிக்கொண்டே நடந்தார். கழிவுநீர்தான் பெரிய தலைவலி என்று தெரிந்தது. இருபதிலிருந்து நாற்பது வீடு உள்ள ஒரு சந்துதான் அமைப்பின் அலகு. சந்து மக்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர் பணம் வசூலிப்பார். வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், துணைக் கால்வாய் வரை மக்கள் செலவு. பெரிய கால்வாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. அவர் தொடங்கிய ஓரங்கித் திட்டத்தின் ஆட்கள் அளவெடுத்துக் கொடுத்தார்கள், கருவி கொடுத்தார்கள், வடிவமைப்பை எளிமையாக்கிச் செலவைப் பல மடங்கு குறைத்தார்கள். ஆனால் குழாய் பதிக்கப் பணம் கொடுக்கவில்லை. உள்ளூர் இளைஞர்களுக்கு நில அளவையும் வரைபடமும் கற்றுக் கொடுத்தார்கள். பின்னாளில் அந்த வரைபடங்களை அரசே பயன்படுத்தியது. பல ஆண்டு அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய பர்வீன் ரஹ்மான் 2013ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழைகளின் நிலத்தை வரைபடத்தில் ஏற்றினால் அதைப் பிடுங்க நினைப்பவர்களுக்கு உறுத்தும்.

ஓய்வு ஏ.இ.:

ஓரங்கியை நானும் படித்திருக்கிறேன். சந்துக் குழாயைச் சந்து மக்கள் பதிக்கலாம். எட்டு மாடி லிஃப்ட்டையும், நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஏற்றும் மோட்டாரையும், சுத்திகரிப்பு நிலையத்தையும் யார் பதிப்பது? ஓரங்கியில் அவரவர் வீடு அவரவர் கட்டியது, தரையோடு இருந்தது. இங்கே பொதுச் சொத்தின் செலவு ஏழைகள் தாங்கக்கூடியதே இல்லை. எட்டு மாடி கட்டியதே தப்பு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

சிந்தாதிரி:

சார், இந்த இழையில நீங்க சொன்னதுலயே இதுதான் உருப்படி 😀

எங்களை யாரும் கேட்டிருந்தா எட்டு மாடி வேணாம்னுதான் சொல்லியிருப்போம். கேக்க வேண்டிய நேரத்துல கேக்கல. எல்லாம் கட்டி முடிச்ச பிறகு "பங்கேற்பு"ங்கிறாங்க.

உறையூர் அக்கா:

எட்டுமாடி கண்ணு, நான் திருச்சி. எங்க ஊர்ல பொதுக் கழிப்பறையை 'ஷீ' குழுன்னு பொம்பளைங்க குழுக்களே நடத்துறோம். கிராமாலயா அமைப்பு ஆரம்பிச்சு வச்சது, மாநகராட்சி கட்டடத்தைக் குழுகிட்ட ஒப்படைச்சது. 2002ல கல்மந்தைதான் நாட்டிலேயே திறந்தவெளியில ஒதுங்காத முதல் குடிசைப்பகுதின்னு அறிவிச்சாங்க. நான் அந்தப் பகுதி இல்ல, ஆனா இதே வேலைல நரைச்சவ.

எங்களுக்கு யாரும் "வாங்க, பங்கேற்பு செய்யுங்க"ன்னு சொல்லல. சாவியைக் கையில குடுத்தாங்க. ஆரம்பத்துல ஆளுக்கு ஐம்பது காசு. வாசல்ல ஒருத்தி டோக்கனோட உக்காருவா. ராத்திரி எண்ணி நோட்டுல எழுதணும், மறுநாள் காலைல அடுத்தவ எண்ணிச் சரிபாத்துக் கையெழுத்துப் போடணும். கரண்ட் பில், பினாயில், துப்புரவு ஆள் சம்பளம், எல்லாம் அதுலேருந்துதான். மிச்சம் பேங்க்ல. அந்த மிச்சத்தை என்ன பண்றதுன்னு பேச ஒரு கூட்டம் போட்டோம் பாரு, அன்னிக்கு இடம் பத்தாம வெளில நின்னாங்க! தண்ணித் தொட்டியா, பிள்ளைங்க கழிப்பறையா, பீஸ் கட்டக் கடனான்னு சண்டை. முடிவு பண்ண காசு இருந்தா ஆளு தன்னால வரும்.

கஷ்டத்தையும் சொல்லிடறேன். பாதாளச் சாக்கடை வெளியில அடைச்சா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது, மாநகராட்சி வண்டிதான் வரணும். வீட்டுக்கு வீடு கழிப்பறை வர வர வரவு குறையுது. குழுத் தலைவியையே கட்சிக்காரங்க தங்க ஆளாக்கப் பாப்பாங்க. அதனால தலைவி, காசாளரை மாத்திக்கிட்டே இருக்கணும். ஒருத்தியே பத்து வருஷம் இருந்தா அது குழு இல்ல, கடை.

ரெய்டர்:

நான் கண்ணகி நகர் பையன், அதுவும் ஓ.எம்.ஆர். பக்கம் மறுகுடியமர்வுதான். பெரியவங்க நிறையப் பேசிட்டீங்க, நானும் ஒண்ணு சொல்லிக்கிறேன்.

இங்க பதினஞ்சாயிரத்துக்கு மேல வீடு, 2000த்துல இருந்து கொண்டாந்து வைக்கிறாங்க. வேலைக்கு அப்ளை பண்ணினா அட்ரஸைப் பாத்ததும் முகம் மாறும். இதுல எத்தனை ஸ்கில் டிரெயினிங் குடுத்து என்ன பிரயோஜனம்? 2020ல வந்து சுவரு ஃபுல்லா பெரிய பெரிய படம் வரைஞ்சாங்க, சூப்பரா இருக்கு, வெளில இருந்து ஆளுங்க வந்து போட்டோ எடுக்குறாங்க. நல்லதுதான். ஆனா எங்க பேரை மாத்தினது எது தெரியுமா? கபடி. 2025ல பஹ்ரைன்ல ஆசிய இளையோர் போட்டில இந்தியப் பொண்ணுங்க டீம் தங்கம் அடிச்சுதே, அதுல எங்க கார்த்திகா அக்கா இருந்தாங்க. அன்னிக்கு டிவில "கண்ணகி நகர்"னு சொன்னப்ப முதல் தடவையா கேஸு, கொலை எதுவும் சேராம அந்தப் பேரு வந்துச்சு.

அந்த டீம் மேல இருந்து வந்த திட்டம் இல்லண்ணா. கிரவுண்டு சுத்தம் பண்றது, ஷூ வாங்க வசூல், பொண்ணுங்க வீட்டுல பேசி பர்மிஷன் வாங்குறது எல்லாமே ஏரியா ஆளுங்கதான். சங்கக் கூட்டத்துக்கு வராத அப்பாங்க எல்லாம் மேட்சுக்கு வர்றாங்க. கூட்டத்தை மேட்ச் முடிஞ்சதும் கிரவுண்டுலயே வைங்க.

எட்டுமாடி:

எல்லாருக்கும் நன்றி. பைகுல்லா அண்ணன் சொன்ன கணக்கெடுப்பை எங்க பிளாக்குல நானும் ரெண்டு காலேஜ் பொண்ணுங்களும் பண்ணோம். சாயங்காலம் ஏழுக்கு மேல, மாடி மாடியா. "பணம் கேக்க வரல"ன்னு முதல்லயே சொல்லிட்டோம். அப்பதான் கதவே தொறந்துச்சு.

நான் எதிர்பாக்காத விஷயம் நிறைய இருந்துச்சு. ஒரு தம்பி ஐ.டி. பார்க்குல லிஃப்ட் மெயின்டனன்ஸ்ல ஹெல்பர். பிளம்பர் இருக்கார், எலக்ட்ரீஷியன் இருக்கார், ஒரு அக்கா கோயம்பேடு மண்டில கணக்கு எழுதினவங்க. இத்தனை நாளா மோட்டார் ரிப்பேர்னா வெளியாளுக்கு ஃபோன் பண்ணிட்டுக் காத்திருந்தோம்!

ரெண்டு சிக்கல். ஒண்ணு, பிளம்பர் அண்ணன்கிட்ட "நம்ம பிளாக்தானே, பாத்துக் குடுங்க"ன்னேன். மூஞ்சியைத் திருப்பிட்டார். ரெண்டாவது, நிறைய வீட்டுல அலாட்மெண்ட்காரங்களே இல்ல, வாடகைக்கு இருக்காங்க. அவங்களைச் சங்கத்துல சேக்கலாமா?

உறையூர் அக்கா:

மூஞ்சியைத் திருப்பாம என்ன பண்ணுவார்? நாள் முழுக்க உழைச்சிட்டு வந்தவர்கிட்ட ஓசில வேலை கேட்டா? வெளியாளுக்குக் குடுக்குற கூலியை அவருக்குக் குடு. ரேட்டைப் பேசி எழுதி வாசல்ல ஒட்டிடு. சேவை சேவைன்னு சொல்லிச் சொல்லியே ஏழைங்க உழைப்பைச் சும்மா வாங்கறது எல்லா ஊர்லயும் நடக்குது, அதுலயும் பொம்பளைங்கன்னா கேக்கவே வேணாம். கணக்கு எழுதற அந்த அக்காவுக்கும் மாசம் ஏதாவது குடுங்க.

வரைபடக்காரன்:

வாடகைதாரர் விஷயத்தில்: உங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாகியிருந்தால் துணைவிதி என்று ஒன்று இருக்கும். யார் உறுப்பினர் என்று அதில் எழுதியிருக்கும். முதலில் அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டுவதும் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்வதும் கட்டாயம்; அதைச் செய்கிறார்களா என்றும் பாருங்கள்.

இன்னொரு வழி சங்கத்துக்கு வெளியே இருக்கிறது. மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால், அந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் பகுதி சபை உண்டு. 2022 நவம்பர் 1 அன்று முதன்முதலாகத் தமிழ்நாட்டு நகரங்களில் கூட்டினார்கள், முதல்வர் பம்மலில் கலந்துகொண்டார். ஊராட்சி எல்லை என்றால் கிராம சபை. கண்ணகி நகர் மாநகராட்சியில் இருக்கிறது, பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளோ ஊராட்சிப் பகுதியில் கட்டப்பட்டவை. உங்களுடையது எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், அலாட்மெண்ட் யார் பெயரில் என்று கேட்க மாட்டார்கள். சாலை, குப்பை, தெருவிளக்கு, பேருந்து எல்லாம் அங்கே பேச வேண்டியவை. சங்கத்தின் தலையில் அதையும் ஏற்றாதீர்கள்.

சிந்தாதிரி:

வாடகைக்காரங்களைச் சேருங்க தங்கச்சி. லிஃப்ட்ல ஏறுறது அவங்கதானே. பணம் கேக்கும்போது "நீயும் எங்க பிளாக்கு", கூட்டத்துல வாயத் தொறந்தா "நீ வாடகைக்காரன்"னு சொன்னா அடுத்த மாசம் எவன் குடுப்பான்?

நெறியாளர்:

இரண்டு பதிவுகள் கட்சிச் சண்டையாகிவிட்டதால் நீக்கப்பட்டன. குடியிருப்பு எண்ணையோ பொறுப்பாளர் பெயரையோ யாரும் போட வேண்டாம்.

எட்டுமாடி:

கூட்டத்தை ஞாயித்துக்கிழமைக்கு மாத்தியாச்சு. அதிகாரிங்க வரலன்னா பரவாயில்ல, மினிட்ஸை நானே கொண்டுபோய்க் குடுத்துக்கறேன். முதல் தடவையா ஒரே ஒரு விஷயம்தான் வச்சோம்: கையிருப்புல இருக்கற பணத்துல மோட்டார் வால்வு மாத்துறதா, மாடிப்படி லைட்டா? மண்டிக் கணக்கு அக்கா வரவு செலவைச் சத்தமாப் படிச்சாங்க. ஒரு மணி நேரம் கத்தல். கடைசில லைட்டுதான்னு பொம்பளைங்க ஜெயிச்சாங்க, ராத்திரி ஷிப்ட் முடிச்சு வர்ற பொண்ணுங்க இருக்காங்கன்னு. வால்வு அடுத்த மாசம். எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குக் கூலி பேசி வாசல்ல ஒட்டியாச்சு.

கட்டாத வீடு இன்னும் கட்டலதான். அஞ்சாவது மாடில ஒருத்தர் "லைட் போட்டதுக்கு அப்புறம் குடுக்கறேன், முதல்ல எரியுதான்னு பாப்போம்"னு சொல்லிட்டார். நியாயம்தான்.

ஏ.இ. சார், ஒரு உதவி. மோட்டார் ரூம்ல எந்த வால்வு எந்தப் பக்கம் போகுதுன்னு யாருக்கும் தெரியல. படம் ஏதாவது இருக்குமா?

ஓய்வு ஏ.இ.:

கட்டி முடித்ததும் தயாரிக்கும் வரைபடம், குடியிருப்பைக் கட்டிய துறையின் பிரிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும். சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதிக் கேளுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடுங்கள், முப்பது நாளில் பதில் வர வேண்டும். படம் கிடைக்காவிட்டாலும் ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அந்த லிஃப்ட் தம்பியும் பிளம்பரும் கூட இருந்தால் ஒரு மத்தியானத்து வேலை. பெயின்ட் வாங்கி வையுங்கள், வால்வுக்கு எண் போட வேண்டும்.

எந்த பிளாக் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், நானே வருகிறேன். ஞாயிறு காலை வேண்டாம், எல்லோரும் கறிக்கடை வரிசையில் நிற்பார்கள். மூன்று மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.